எட்டுக்குப் பத்து அடி ஹாலில் கராத்தே

கேள்வி: எனக்கு 36 வயது. கல்லூரி நாட்களில் ஷோடோகான் கராத்தேயில் பிரவுன் பெல்ட் (பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய நிலை) வரை வந்தேன். கல்யாணம், குழந்தைகள் என்று விட்டுப்போய், போன வருடம்தான் மறுபடி சேர்ந்தேன். ஞாயிறு காலை மட்டுமே வகுப்புக்குப் போக முடிகிறது. மற்ற நாட்களில் ஐந்தரைக்கு எழுந்தால் சமையல், பிள்ளைகள், அலுவலகம் முடித்து வீடு திரும்ப ஏழு மணி. தினம் ஒரு மணி நேரம் பயிற்சி என்று திட்டம் போட்டேன். நாலாம் நாளே நின்றுவிட்டது. சோபாவைத் தள்ளினால் ஹாலில் எட்டுக்குப் பத்து அடி இடம் கிடைக்கும். இரண்டாவது மாடி என்பதால் குதித்தால் கீழ்வீட்டார் வந்துவிடுவார்கள். 15 நிமிடத்தில் தனியாக உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முடியும். ஆனால் ஞாயிறு வகுப்பில் செய்வதையெல்லாம் அந்த 15 நிமிடத்துக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். குத்து, தடுப்பு, உதை, கட்டா (வரிசையாகக் கோத்த அசைவுத் தொடர்) என்று எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு ஓடினால் வியர்வை வரும். ஒரு பிழையும் திருந்தாது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதை மெதுவாக, பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள்.

இதில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானின் ஒகினாவா தீவைச் சேர்ந்த கராத்தே ஆசான் இடோசு அன்கோ 1908-ல் எழுதிய பத்துக் குறிப்புகளில், தினம் ஒன்றிரண்டு மணி நேரம் வீதம் மூன்று நான்கு வருடம் என்றுதான் கணக்குச் சொல்கிறார். கால் மணி நேரம் அதற்கு ஈடாகாது. ஆனால் ஞாயிறு கற்றதை அடுத்த ஞாயிறுவரை உடம்பு மறக்காமல் வைத்திருக்கும். வாரம் ஒருமுறை மட்டும் வருகிறவர்களுக்கு, போன வாரத்தை நினைவுபடுத்திக்கொள்வதிலேயே பாதி வகுப்பு போய்விடுகிறது. அந்தப் பாதி உங்களுக்கு மிச்சம்.

எழுந்தவுடன், அடுப்பு பற்றவைப்பதற்கு முன் செய்துவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் என்று தள்ளிவைத்தால், ஏதாவது ஒரு வேலை வந்து அதை விழுங்கிவிடும். சோபாவை முந்தின இரவே தள்ளிவைத்துவிடுங்கள். காலையில் அதைத் தள்ளும் சோம்பலிலேயே பல நாள் தவறிப்போகும். வெறுங்கால், நன்றாகத் துடைத்த தரை. யோகா மேட் வேண்டாம். திரும்பும்போது பாதம் அதில் ஒட்டிக்கொள்ளும், உடம்பு மட்டும் திரும்பும், முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும்.

முதல் 3 நிமிடம் உடம்பைச் சூடாக்க. கணுக்கால், இடுப்பு, தோள் ஒவ்வொன்றையும் 10 சுற்று. முழங்காலை உயர்த்தி நின்ற இடத்திலேயே ஒரு நிமிட நடை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் 10 முறை வீசுங்கள். காலை விரித்து உட்கார்ந்து இழுக்கும் ஸ்ட்ரெச்சிங் எல்லாம் கடைசி 2 நிமிடத்துக்கு. விடிகாலையில் தசை இறுகியிருக்கும். எடுத்த எடுப்பில் இழுத்தால் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொள்ளும். நடுவில் மிஞ்சும் 10 நிமிடம்தான் உங்கள் கராத்தே.

திங்களும் புதனும் கியாகு சுகிக்கு, அதாவது முன்காலுக்கு எதிர்ப்பக்கக் கையால் குத்தும் குத்துக்கு. ஜென்குட்சு டாச்சியில் (முன் முழங்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்கும் நிலை) நின்று, ஒவ்வொரு பக்கமும் மெதுவாக 10, நடுவேகத்தில் 10, முழு வேகத்தில் 10. மெதுவாகச் செய்யும் பத்தில் ஒரு குத்துக்கு நாலு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டி-ஷர்ட்மேல் பெல்ட்டை மட்டும் கட்டிக்கொண்டால் இடுப்பு ஏமாற்ற முடியாது: தொடங்கும்போது முடிச்சு 45 டிகிரி பக்கவாட்டில் இருக்க வேண்டும், குத்து முடியும் கணத்தில் நேர் முன்னே வந்து நிற்க வேண்டும். வராவிட்டால், பெரும்பாலும் இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றன என்று அர்த்தம். இடுப்பு திரும்பப் பக்கவாட்டில் இடம் வேண்டும். இரண்டு பாதத்துக்கும் நடுவே இடுப்பகலம் இருக்கும்படி தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பிழை முன் முழங்கால். இடுப்பு திரும்பும்போது அதுவும் கூடவே உள்ளே சாயும், அல்லது பின்வாங்கும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை, அதன் விளிம்பு முழங்காலை மெல்லத் தொடும்படி வையுங்கள். 30 குத்து முடிகிறவரை அந்தத் தொடுகை விடவும் கூடாது, நாற்காலி நகரவும் கூடாது. ஒரு வாரம் இப்படிச் செய்தாலே வகுப்பில் வித்தியாசம் தெரியும். பின்கால் குதிகால் தரையைவிட்டு எழுகிறதா, ஹிகிதே கை (குத்தும்போது பின்னுக்கு இழுக்கும் மறு கை) இடுப்புக்கு மேலே வராமல் பாதி வழியில் தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். ஆனால் ஒரு நாளில் ஒன்றை மட்டும்.

வேகமான பத்தில் ஒரு எச்சரிக்கை. காற்றில் குத்தும்போது விசையை வாங்கிக்கொள்ள எதிரே பொருள் கிடையாது. முழங்கையை நீட்டிப் பூட்டினால் அடி மூட்டுக்கே விழும். நூலளவு மடக்கம் மிச்சமிருக்கும்போதே நிறுத்துங்கள். தனியாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு வரும் முழங்கை வலிக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உதைக்கும் முழங்காலுக்கும் இதே விதிதான்.

செவ்வாய்க்கிழமை மே கெரி, அதாவது முன்னுதை. முழங்காலைத் தூக்கு, நீட்டு, மடக்கு, வை: நாலையும் தனித்தனியாகப் பிரித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலுக்கு 10, பிறகு பிடிக்காமல் இயல்பான வேகத்தில் 10. கீழ்வீடு இருப்பது இங்கே உங்களுக்கு நல்லதுதான். சத்தமில்லாமல் காலை வைக்க முடிந்தால், எடை நிற்கும் காலிலேயே இருந்தது என்று பொருள். தொப்பென்று விழுந்தால், உதைத்த காலை மடக்காமல் அப்படியே முன்னால் விழுகிறீர்கள். எதிராளி ஒருவர் அந்தக் காலைப் பிடிக்கவோ தட்டிவிடவோ அவ்வளவு போதும்.

வியாழனும் வெள்ளியும் கட்டா. தொடக்க நிலைக் கட்டாவான ஹெயான் ஷோடானில் 21 அசைவுகள், செய்து முடிக்க ஏறக்குறைய 40 விநாடி. மூன்று காலடி தொடர்ந்து எடுத்துவைத்து முன்னேறும் இடங்களில் உங்கள் ஹாலின் சுவர் குறுக்கே வரும். அப்போது எல்லாரும் செய்கிற தவறு, இடத்துக்கு ஏற்ப அடியைச் சுருக்குவது. அந்தச் சுருங்கிய அடி ஞாயிற்றுக்கிழமை டோஜோவுக்கும் கூடவே வரும். இரண்டாவது அடி முடிந்ததும் நிறுத்தி, அதே நிலையில் இரண்டு பாதங்களையும் பின்னால் இழுத்துக்கொண்டு, மூன்றாவதை முழு நீளத்தில் வையுங்கள். முழுக் கட்டாவைப் பத்துமுறை ஓட்டுவதைவிட, 9-லிருந்து 10-க்கும் 17-லிருந்து 18-க்கும் போகும் இரண்டு 270 டிகிரி திருப்பங்களை மட்டும் எடுத்துச் செய்வது நல்லது. நிலை குலைவது பெரும்பாலும் அங்கேதான். முதலில் பார்வை திரும்ப வேண்டும், பிறகு கால் போக வேண்டும், இடுப்பு கடைசியாக வந்து அடைக்க வேண்டும். தலை இடையில் மேலெழும்பி இறங்கினால் முழங்காலை நீட்டிவிட்டீர்கள்.

பிரவுன் பெல்ட் என்பதால் டெக்கி ஷோடான் என்ற கட்டா உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ஹாலுக்காகவே அமைந்த கட்டா அது: முன்னும் பின்னும் போகாமல் ஒரே கோட்டில் வலமும் இடமும் மட்டும் நகரும், 8 அடி நீளம் தாராளம். ஒகினாவாவில் நைஹாஞ்சி என்ற பெயரில் இதை வருடக்கணக்கில் செய்வித்திருக்கிறார்கள். இதில் நிற்கும் கிபா டாச்சியில் (குதிரைமேல் உட்கார்ந்தது போன்ற நிலை) கால்விரல்கள் நேர் முன்னே, முழங்கால்கள் வெளிப்பக்கம் தள்ளியபடி. சோர்வு வரும்போது முழங்கால் உள்ளே சரிந்து, உள்பக்கம் வலிக்கத் தொடங்கும். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு தொடராமல் நிலையை இரண்டு அங்குலம் உயர்த்திக்கொள்ளுங்கள்.

கியாய்க்கு (கட்டாவில் குறித்த இடத்தில் எழுப்பும் கத்தல்) விடிகாலையில் குரல் வேண்டாம். அந்த இடத்தில் வயிற்றை இறுக்கி, பற்களின் இடுக்கு வழியே மூச்சைச் சட்டென்று வெளியே தள்ளினால் போதும். அதுவும் இல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் தோள் ஏறும், தலை கிறுகிறுக்கும்.

பிள்ளைக்குக் காய்ச்சல், விருந்தாளிகள் என்று ஒரு நாள் கெட்டுப்போனால் டெக்கியை மூன்று முறை மட்டும் செய்யுங்கள். 3 நிமிடம்தான் ஆகும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுநாள் 30 நிமிடம் இழுக்காதீர்கள். உங்கள் ஒரு மணி நேரத் திட்டம் நின்றுபோன வழி அதுதான். முழங்காலோ முதுகோ ஏற்கெனவே தொந்தரவு தருகிறதென்றால் உதைகளைத் தொடங்கும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சனிக்கிழமை போனை நாற்காலிமேல் இடுப்பு உயரத்தில் சாய்த்துவைத்து, ஒரு கட்டாவைப் பக்கவாட்டிலிருந்து ஒருமுறை பதிவு செய்யுங்கள். தனியாகச் செய்யும்போது பிழையும் சேர்ந்தே பழகிவிடும், அதைச் சொல்ல பக்கத்தில் ஆள் கிடையாது. ஞாயிறன்று வகுப்பு தொடங்கும் முன் அதை உங்கள் சென்செய்யிடம் காட்டி, எதை முதலில் திருத்த வேண்டும் என்று கேளுங்கள். அவர் ஐந்து சொன்னாலும் முதலில் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த திங்கட்கிழமை காலை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.