எடை குறையாத கோப்ரா

கேள்வி: அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி எப்போதோ நிறுத்திய கோப்ரா என்ற குட்டி ரிவால்வரை 2017-இல் மறுபடி கொண்டுவந்ததாகப் படித்தேன். பாக்கெட்டில் அடங்கும் பிஸ்டல்கள் இத்தனை இருக்கும்போது இது வீண் வேலைதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: வீண் என்று சொல்ல மாட்டேன். அரைகுறை என்பேன்.

1950-இல் கோப்ரா வந்தபோது அதன் பெருமையே எடைதான். 1927 முதல் கோல்ட் விற்றுவந்த டிடெக்டிவ் ஸ்பெஷல் ரிவால்வரின் ஸ்டீல் சட்டத்தை (ஃப்ரேம்) மாற்றி, அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆறு தோட்டா, எடை சுமார் 425 கிராம். போட்டியாளரான ஸ்மித் அண்ட் வெஸனின் குட்டி ரிவால்வரில் ஐந்துதான் போகும். (1963-இல், ஜனாதிபதி கென்னடியைக் கொன்றதாகக் கைதான ஆஸ்வால்டை ஜாக் ரூபி சுட்டதும் ஒரு கோப்ராவால்தான். எந்த விளம்பரத்திலும் போட முடியாத பிரபலம்!)

நான் ஒரு காலத்தில் பட்டறையில் ஃபிட்டர். பழைய கோல்ட்டின் உள்படத்தைப் பார்த்தாலே கை வலிக்கும். தோட்டாவை அடிக்கும் சுத்தியலைத் தள்ளுவதும் விசையை (ட்ரிகர்) திரும்பக் கொண்டுவருவதும் ஒரே வி வடிவ ஸ்பிரிங். ஒரு பாகத்தை அரத்தால் லேசாகத் தேய்த்தால் அடுத்ததன் நேரம் தப்பும். கைதேர்ந்த ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். அந்தக் கூலி கொடுத்து, போலீஸ்காரர்களும் பிஸ்டலுக்குப் போன பிறகு, எத்தனை நாள் தாங்கும்?

2017 மாடலில் இந்தத் தலைவலியைத் தீர்த்துவிட்டார்கள். உள்பாகம் புதிது, கைவேலை குறைவு. அதற்கு ஒரு சபாஷ். ஆனால் முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எடை 700 கிராம்! பழைய டிடெக்டிவ் ஸ்பெஷலே இவ்வளவு கனமில்லை. அடுத்த வருடமே சிக் கம்பெனியின் பி365 பிஸ்டல் வந்தது. 10 தோட்டா, 500 கிராம். கடைக்காரர் என்ன சொல்லி விற்பார்?

இருந்தாலும் ரிவால்வருக்கு ஆள் உண்டு. பிஸ்டலின் ஸ்லைடை (பின்னால் இழுத்துவிடும் மேல்பாகம்) இழுக்க விரலில் வலு இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். இவர்களுக்கு வேண்டியது லேசான ரிவால்வர்.

கோல்ட் 2021 முதல் செக் நாட்டு சிஇசட் குழுமத்தின் கையில் இருக்கிறது. புதிய உள்பாகத்தை அப்படியே வைத்து, சட்டத்தை மட்டும் அலுமினியத்தில் செய்யட்டும். எடை குறைந்தால் சுடும்போது கை அதிரும், வீரியம் கூடிய தோட்டாவைத் தொடர்ந்து போட்டால் சட்டம் சீக்கிரம் தேயும். அதைப் பெட்டி மேலேயே பெரிதாக அச்சடித்து விற்கலாம்.