4294967297: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எண்களை வகைப்படுத்தும் ஒரு பட்டியலில் 4294967297-ஐப் பார்த்தேன். பகு எண், வர்க்கக் காரணி இல்லாதது, குறை எண், இலக்கங்களைக் கூட்டினால் 59 என்று நீண்டுகொண்டே போகிறது. எந்தப் பெரிய எண்ணுக்கும் இப்படி நாலு பெயர் ஒட்டலாமே. இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான கேள்வி. அந்தப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. 59 என்பது நாம் பத்தை அடிப்படையாக வைத்து எழுதுவதால் வருவது. 0, 1 மட்டுமே பயன்படுத்தும் இருமத்தில் எழுதினால் இதே எண் முதலில் 1, நடுவே 31 பூஜ்யங்கள், கடைசியில் 1. கூட்டினால் 2தான். மற்ற பெயர்கள் எல்லாம் ஒரே வரியிலிருந்து வருகின்றன: 4294967297 = 641 × 6700417. இரண்டும் வெவ்வேறு பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை, அதனால் வர்க்கக் காரணி இல்லை. தன்னை விட்டுவிட்டு மற்ற காரணிகளைக் கூட்டினால் 6701059தான் வருகிறது, அது எண்ணைவிடக் குறைவு, அதனால் குறை எண்.

அந்த ஒரு வரிதான் சுலபத்தில் கிடைக்கவில்லை. நம் எண், 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டியது. அடுக்கு 1, 2, 4, 8, 16 ஆக இருக்கும்போது கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர் 641-ஐக் காட்டி அதை உடைத்தார். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அந்த வடிவில் 641-க்கு முன்னால் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, அவ்வளவுதான். இது தெரிந்துவிட்டால் காகிதமும் பென்சிலும் போதும்.

இன்னொரு வகைப்பாடு எனக்கு இதைவிடப் பிடிக்கும். 65536² + 1² என்பது இந்த எண். 62264² + 20449² என்பதும் இதே எண்தான், பெருக்கிப் பாருங்கள். ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதவே முடியாது. ஆக, ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலே இது பகு எண் என்று சொல்லிவிடலாம். ஒரு பெயர் இப்படி வேலை செய்தால் அதைப் பட்டியலில் வைத்துக்கொள்வேன்.

அப்புறம், அக்கம்பக்கத்தையும் பாருங்கள். இரண்டு குறைவான 4294967295, மேலே சொன்ன ஐந்து பகா எண்களின் பெருக்கல். பக்க எண்ணிக்கையில் 2-ஐத் தவிர, இந்த வகைப் பகா எண்கள் மட்டுமே, ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு மேல் போகாமல், காரணிகளாக வர வேண்டும் என்பது கணித அறிஞர் காஸ் கண்ட விதி. அதன்படி அத்தனை பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையலாம். ஒன்று குறைவான 4294967296 வெறும் 2-இன் அடுக்கு, அதையும் வரையலாம். நம் எண்ணின் காரணியான 641, 2-இன் அடுக்கோடு 1 கூட்டி வரும் அந்த ஐவரின் வகையைச் சேர்ந்ததல்ல. அதனால் 4294967297 பக்கங்களை அப்படி வரைய வழியே இல்லை.