மறுமொழி: சுண்ணாம்புக்கல் அறை வெப்பநிலையிலேயே சிதையுமா?

298 கெல்வினில் (அறை வெப்பநிலை), சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சியம் கார்பனேட் சிதைந்து கால்சியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் தருவதற்கான கட்டிலா ஆற்றல் மாற்றம் (வினை தானாக நடக்குமா என்று காட்டும் அளவு; எதிர்க்குறி என்றால் நடக்கலாம்) −47,800 என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கட்டிலா ஆற்றல் மாற்றம் = என்தால்பி மாற்றம் − (வெப்பநிலை × என்ட்ரோபி மாற்றம்) என்ற சூத்திரம் சரிதான், அலகுதான் காலை வாரிவிட்டது. ஒரு மோலுக்கு என்தால்பி மாற்றம் (வினை உறிஞ்சும் வெப்பம்) 178 கிலோஜூல்; என்ட்ரோபி மாற்றம் (ஒழுங்கின்மையின் மாற்றம்) கெல்வினுக்கு 161 ஜூல். கிலோஜூலிலிருந்து ஜூலை அப்படியே கழித்திருக்கிறீர்கள். 161 ஜூலை 0.161 கிலோஜூல் ஆக்கி 298-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 48 வரும். 178-இல் அதைக் கழித்தால் +130 கிலோஜூல். ஆக, தன்னிச்சையாக நடக்காது. பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான்; பளிங்குச் சிலைகள் நூற்றாண்டுகளாக நிற்கின்றனவே!

கார்பன் டை ஆக்சைடு வாயுவாக வெளியேறுவதால்தான் என்ட்ரோபி கூடுகிறது. வெப்பநிலை ஏற ஏற சூத்திரத்தில் என்ட்ரோபி உள்ள உறுப்பின் கை ஓங்கும். கட்டிலா ஆற்றல் மாற்றம் சுழியாகும் வெப்பநிலை வேண்டுமானால், 178-ஐ 0.161-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,106 கெல்வின், அதாவது 830 டிகிரி செல்சியஸ். உண்மையில் வாயுவின் அழுத்தம் 1 வளிமண்டலத்தை எட்ட 900 டிகிரியை நெருங்க வேண்டும். என்தால்பியும் என்ட்ரோபியும் வெப்பநிலையோடு சற்று மாறுவதே காரணம். தேர்வுக்கு அது தேவைப்படாது.

அப்புறம், கட்டிலா ஆற்றல் மாற்றத்துக்கு எதிர்க்குறி வந்தால் வினை உடனே நடக்கும் என்று எழுதிவிடாதீர்கள். வைரம் கிராஃபைட்டாக மாறுவதற்கும் எதிர்க்குறிதான், ஆனால் கிளர்வு ஆற்றல் (வினை தொடங்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மிக அதிகம் என்பதால் அறை வெப்பநிலையில் அது கண்ணுக்குத் தெரியும்படி மாறுவதே இல்லை. வேகம் வேறு கணக்கு.