ஹோம் விசிட் ஒத்திகை: கேள்வி பதில்

வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பதைக் கல்லூரியிலேயே நடித்துப் பழகுவது பற்றி, செவிலியர் மாணவர்களும் ஒரு டியூட்டரும் கேட்ட கேள்விகளுக்கு, சமூக சுகாதாரச் செவிலியம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் பதில்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவி, தென்காசி: மேடம், ஸ்கில் லேபில் (பொம்மையை வைத்துப் பழகும் கூடத்தில்) பிபி, டிரெஸ்ஸிங் எல்லாம் நன்றாகவே செய்கிறேன். ஒரு வீட்டுக்குள் போனால் மட்டும் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

லேபில் மேஜை உண்டு, நாற்காலி உண்டு, பொம்மை வாய் திறக்காது. வீட்டில் பாட்டி பாயில் சாய்ந்திருப்பார், டிவி அலறும். பிபி பார்க்கக் கை நெஞ்சு மட்டத்துக்கு வர வேண்டுமே, எதன்மேல் வைப்பீர்கள்? தலையணையா, கவிழ்த்த வாளியா? அதற்கு முன் ஐந்து நிமிடம் அவர் அமைதியாக உட்கார வேண்டும். டிவியை அணைக்கச் சொல்வது யார், எப்படி? பழக வேண்டியது இதைத்தான். யூனிஃபார்மோடு தரையில் உட்கார்ந்து பழகுங்கள்.

டியூட்டர், புதுக்கோட்டை: எங்கள் கல்லூரியில் விலை உயர்ந்த மேனிகின் (நோயாளிப் பொம்மை) வாங்க வசதியில்லை.

ஹோம் விசிட்டுக்கு அது பெரிதாக உதவாது என்பது என் கட்சி. ஒரு காலி அறை, பாய், தண்ணீர்க் குடம், அப்புறம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா போதும். டப்பாவுக்குள்தான் பாடமே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை அட்டை ஒன்று, தனியார் கடையில் வேறு பெயரில் வாங்கிய அதே அம்லோடிபின் ஒன்று, தேதி முடிந்த இருமல் மருந்து ஒன்று. தீர்ந்துபோன அட்டைகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். பாட்டி, “எல்லாம் ஒழுங்காத்தான் போடுறேன்மா” என்பார். அதை அப்படியே குறித்துக்கொண்டு கிளம்பும் மாணவிக்கு எதுவும் தெரியாது. டப்பாவைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பவளுக்கு ஒரே மருந்து இரண்டு தரம் உள்ளே போவது தெரியும். அதனால்தான் பாட்டியின் கால் வீங்கியிருக்கிறதோ என்ற சந்தேகமும் அங்கேயே எழும்.

நடிக்க ஆளா? அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963-லேயே நோயாளியாக நடிக்க ஆள் பழக்கி மாணவர்களைச் சோதித்தார். நமக்கு விடுதிச் சமையல் அக்கா இருக்கிறார். கதையைச் சொல்லிக் கொடுத்தால் வெளுத்துக்கட்டுவார். சும்மா கூப்பிடாதீர்கள், கையில் ஏதாவது கொடுங்கள்.

நான்காம் ஆண்டு மாணவி: பிரசவித்த பெண்ணிடம் கேட்டால் மாமியாரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார்.

வெளியே போகச் சொல்லிவிடாதீர்கள், அடுத்த தடவை கதவே திறக்காது. மருத்துவமனைப் பிரசவம் என்றால் தேசியத் திட்டப்படி 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும். அதனால் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். “அம்மா, தடுப்பூசி அட்டையைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?” அந்த இடைவெளியில் தாயிடம் உதிரப்போக்கு, பால் கட்டு, தூக்கம் பற்றிக் கேட்டுவிடலாம். அப்புறம் மாமியார் முன்னாலேயே குழந்தையின் மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் அப்படியே என்றால் உடனே மருத்துவமனைதான். ஒத்திகையில் மாமியாராக நடிப்பவரிடம், மரியாதையாகக் கேட்டால் மட்டும் எழுந்து போகச் சொல்லி வையுங்கள்.

மாணவர், சேலம்: ஆண் என்பதால் உள்ளே விடுவார்களா?

சில வீடுகளில் விடமாட்டார்கள் தம்பி. கிராம சுகாதாரச் செவிலியரோடு போங்கள். முதியவர்களின் சர்க்கரை, பிபி, படுக்கைப்புண் என்று உங்களுக்கும் வேலை நிறைய இருக்கிறது.

மாணவி, பெயர் வேண்டாம்: ஒத்திகை முடிந்ததும் எல்லார் முன்னாலும் தப்பை அடுக்குகிறார்கள். அழுகை வருகிறது.

வரத்தான் செய்யும். அதற்குப் பெயர் டீப்ரீஃபிங் (முடிந்ததும் நடந்ததைச் சேர்ந்து பேசிப் பார்ப்பது) இல்லை, திட்டு. நடிப்பு 15 நிமிடம் என்றால் பேச்சுக்கு அரை மணி ஒதுக்க வேண்டும். முதலில் மாணவிக்கு எப்படி இருந்தது, அடுத்து என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தாள். நடித்த அக்காவும் பேச வேண்டும். “நீ என் முகத்தையே பாக்கலையேம்மா” என்று அவர் சொல்வது ஆசிரியர் சொல்வதைவிட உறைக்கும். ஆசிரியர் கடைசியில் பேசினால் போதும்.

இன்னொரு மாணவி: நாய் இருக்கும் வீடு?

வாசலில் நின்று குரல் கொடுங்கள், வீட்டுக்காரர் கட்டும்வரை கேட்டைத் தொடாதீர்கள். மீறிக் கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். மஞ்சள் வைக்காதீர்கள்.