தாளில் இருக்கும் ஆண்டு ஓலையில் இல்லையே!

கேள்வி: என் தாத்தா தஞ்சைப் பக்கம் ஒரு சிறிய சைவ மடத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மடம் இப்போது இல்லை. மடத்தின் தலைவராகப் பட்டத்துக்கு வந்தவர்களின் வரலாற்றைச் சொல்லும் ஓலைச்சுவடி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துத் தாத்தாவின் தகப்பனார் எழுதிய நோட்டும் இருக்கிறது. நான்காம் பட்டம் பரிபூரணம் அடைந்தது (மறைந்தது) ‘பரிதாபி வருஷம் ஆவணி மாதம்’ என்று ஓலை சொல்கிறது. நோட்டில் ‘சகம் 1594’ என்று கூடுதலாக இருக்கிறது. அவர் காலத்தில் துளசா மகாராசா நிலம் விட்டார் என்பது இரண்டிலும் உண்டு. பதிப்பாளர் ஒருவர், “நோட்டையே அச்சிடலாம், பிழைகளை நான் திருத்திக்கொள்கிறேன், ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனியாக 8,000 ரூபாய், ஓலைக்கட்டு என்னிடமே இருக்கட்டும்” என்கிறார். கொடுக்கலாமா? எந்த ஆண்டைப் போடுவது?
– பள்ளி ஆசிரியை

பதில்: கட்டைக் கொடுக்காதீர்கள் அம்மா. ஆண்டு விஷயம் நாலு நாள் பொறுக்கும். கை மாறிய ஓலை பெரும்பாலும் திரும்பி வராது. நான் பார்த்த வகையில், “படித்துவிட்டுத் தருகிறேன்” என்று வாங்கிப்போனவர் வீட்டிலிருந்து சுவடி நேராகப் பழம்பொருள் வியாபாரியிடம்தான் போயிருக்கிறது. 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இதை அவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், முகம் மாறுகிறதா என்று தெரியும். அப்புறம் அந்த 8,000 ரூபாய். நம் நாட்டில் ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது புத்தகத்தின் அடையாள எண்ணை, ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது. விண்ணப்பம் நிரப்பக் கை வலிக்கிறது என்று கூலி கேட்டால் கேட்கட்டும். எண்ணுக்கு விலை என்று சொன்னால் அது பொய்.

இனி ஆண்டு. பரிதாபி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1672, 1732, 1792 மூன்றும் பரிதாபிதான். சகம் என்பது சாலிவாகன சக ஆண்டு. அதோடு 78 கூட்டினால் கிறிஸ்து ஆண்டு வரும். 1594-க்கு 1672 வருகிறது, அதுவும் பரிதாபி. ஆக, நோட்டுக்காரர் போட்ட கணக்கு தப்பில்லை. ஆனால் எந்தச் சுற்றுப் பரிதாபி என்பதை அவர் எங்கிருந்து எடுத்தார்? ஓலையில் அது இல்லை. கை தவறி எழுதியதாகவும் தெரியவில்லை. அடுத்த சுற்றுக்குச் சகம் 1654. தமிழ் எண்ணில் ஒன்று ௲௫௱௯௰௪, மற்றது ௲௬௱௫௰௪. ஒரு குறி பிசகினால் ஒன்று மற்றொன்றாகிவிடாது, இரண்டு இடத்தில் மாற வேண்டும். ஆகவே அவர் பார்த்து எழுதவில்லை, கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். மடம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பெருமை என்ற ஆசை கணக்குப்பிள்ளை வீட்டுக்கும் உண்டு.

ஆனால் துளசா மகாராசா குறுக்கே நிற்கிறாரே. 1672-இல் தஞ்சையில் இருந்தவர் விசயராகவ நாயக்கர். மராட்டியர் வந்ததே அதற்குப் பிறகு. முதலாம் துளசா ஆண்டது 1728 முதல் 1736 வரை. இரண்டாம் துளசா 1787-இல் இறந்துவிட்டார்; நான்காம் பட்டம் அதற்கு முன்பே பட்டத்துக்கு வந்து 1792 வரை இருந்திருந்தால் மட்டுமே அந்தச் சுற்றைப் பார்க்க வேண்டும். நில தானம் நான்காம் பட்டத்தின் காலத்தில் என்றால் 1732 பொருந்துகிறது, 1672 பொருந்தவே பொருந்தாது. அந்தச் செய்தியைப் பின்னால் ஒருவர் சேர்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மட வரலாறுகள் ஒருவர் உட்கார்ந்து எழுதி முடித்த நூல்கள் அல்ல. திருவரங்கத்துக் கோயில் வரலாறான கோயிலொழுகும் பல தலைமுறை எழுதிச் சேர்த்ததுதான். இலங்கைப் பிக்குகளின் மகாவம்சம் 37-ஆம் அத்தியாயத்தின் நடுவில், மகாசேனன் கதையோடு முடிகிறது. அதன்பின் பல நூற்றாண்டு பலர் தொடர்ந்து எழுதியதை வில்ஹெல்ம் கெய்கர் பிரித்து, சூளவம்சம் என்று தனிப் பெயரில் பதிப்பித்தார். உங்கள் ஓலையில் கையெழுத்து எங்கே மாறுகிறது, ‘நாளது வரை’ போன்ற சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். துளசா வரும் வரி நான்காம் பட்டத்தின் கதையோடு ஒரே கையில் ஓடினால் 1672 இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

உறுதி செய்ய இன்னொரு வழி உண்டு. முழு வரியையும் நீங்கள் எழுதி அனுப்பவில்லை. ஆவணி எத்தனையாம் தேதி, என்ன கிழமை, என்ன நட்சத்திரம் என்று இருக்கிறதா? இருந்தால் வேலை சுலபம். அறுபது வருஷம் தள்ளினால் அதே தேதியில் கிழமையும் நட்சத்திரமும் இரண்டும் மாறிவிடும். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை போட்டுவைத்த பஞ்சாங்க அட்டவணைகள் பெரிய நூலகங்களில் இருக்கின்றன, அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஓலையில் நட்சத்திரம் இல்லாவிட்டால், அவருக்கு ஊரில் குருபூசை (மறைந்த நாள் வழிபாடு) எந்த நட்சத்திரத்தில் நடந்தது என்று வயதானவர்களிடம் கேளுங்கள். குருபூசை நாளை மட்டும் யாரும் மறப்பதில்லை.

இவ்வளவு உறுதியானாலும் 1732-ஐ மூலத்துக்குள் நுழைக்காதீர்கள். மூலத்தில் ‘பரிதாபி வருஷம்’ என்று மட்டும்தான் நிற்க வேண்டும். நோட்டின் 1594-ஐயும் உங்கள் 1732-ஐயும் காரணத்தோடு அடிக்குறிப்பில் போடுங்கள். இதைச் செய்யாமல் ‘திருத்திவிட்ட’ பதிப்புகளால் எனக்கு ஏற்பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தடவை ஒரு மட வரலாற்றில் ஆண்டு எல்லாமே ஒழுங்காக இருந்தது, ஒன்றுகூட இடறவில்லை. சந்தேகப்பட்டு மூல ஓலையைத் தேடிப் போனால் பாதி ஆண்டுகள் ஓலையிலேயே இல்லை. அச்சிட்டவர் போட்டவை அவை. அந்தப் புத்தகத்தை வைத்து அதற்குள் இரண்டு முனைவர் பட்டம் ஆகியிருந்தது. புத்தகத்தின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுக்கும் பல்கலைக்கழகம், ஓலையைப் பார்த்தீர்களா என்று எந்தப் படிவத்தில் கேட்கிறது?

நோட்டை என்ன செய்வது? ஓலையைப் பார்த்து எழுதிய படி என்பது உறுதியானால், பாடபேதம் (மூலத்தின் மாற்று வாசகம்) காட்ட அது உதவாது. தகப்பன் உயிரோடு சாட்சிக் கூண்டில் நிற்கும்போது மகன் சொன்னதைக் கேட்க வேண்டியதில்லை. இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவடிக்கு அது அப்படியே பொருந்தலாம் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஓலை ஓரத்தில்தான் முதலில் உடையும். கரையான் தின்னும், நூல் கோத்த துளையைச் சுற்றி விரியும். இன்றைக்கு வலது ஓரம் போயிருக்கிற ஏடு, நோட்டு எழுதிய அன்று முழுசாக இருந்திருக்கலாம். அப்படியானால் அந்த இடத்தில் மட்டும் தகப்பன் இல்லை, மகன் பேச்சுத்தான் சாட்சி. எப்படிக் கண்டுபிடிப்பது? ஓலை உடைந்த ஒவ்வொரு இடத்துக்கும் நோட்டில் நேரான இடத்தைப் பாருங்கள். அங்கே புள்ளி வைத்தோ இடம் விட்டோ இருந்தால், உடைந்த பிறகு படியெடுத்திருக்கிறார். நேர்மையான மனிதர், அவரை மற்ற இடங்களிலும் கொஞ்சம் நம்பலாம். சொற்கள் இருந்தால் இரண்டில் ஒன்று: உடையுமுன் பார்த்து எழுதினார், அல்லது தாமே இட்டு நிரப்பினார். எது என்று எழுத்தை எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உடையாத பக்கத்தில் ஒரு விரல்கடை அகலத்துக்கு எத்தனை எழுத்து வருகிறது என்று நாலைந்து வரியில் எண்ணிச் சராசரி எடுங்கள். உடைந்த அகலம் இரண்டு விரல்கடை, அதில் பதினாறு எழுத்துக் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் பதினைந்து, பதினேழு இருந்தால் ஏற்கலாம், பகர அடைப்புக்குள். நாற்பது எழுத்து இருந்தால் அது அவர் கற்பனை, கீழே அடிக்குறிப்புக்குத் தள்ளுங்கள். எண்ணும்போது ஓலையின் வழக்கப்படி எண்ண வேண்டும். ‘தா’ நமக்கு ஓர் எழுத்து, ஓலையில் இரண்டு எழுத்தின் இடம். ‘கொ’ மூன்று இடம் பிடிக்கும். இதை மறந்து எண்ணி, நல்ல பாடத்தைத் தூக்கியெறிந்தவன் நான். இன்னொன்று, ஏடுகள் இடம் மாறியிருக்கலாம். இடது ஓரத்து எண்ணைப் பார்த்து அடுக்கிய பிறகே இந்தச் சோதனையைத் தொடங்குங்கள்.

படிப்பது பற்றி அதிகம் சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. ஓலையில் புள்ளி கிடையாது, காலும் ரகரமும் ஒன்று, எகர ஏகார வேறுபாடு இல்லை. ‘மடத்தார்’ என்பது ‘மடததரர’ என்று நிற்கும். பதினைந்து நாளில் கண் பழகிவிடும். க-வும் ச-வும் குழம்பும் கை பல உண்டு. எண்ணில் அது ஒன்றுக்கும் நாலுக்கும் உள்ள குழப்பம், ஆகவே ஆண்டு வரும் இடத்தில் மட்டும் இரண்டு பேர் தனித்தனியாகப் படியுங்கள்.

தொடக்கத்தில் வடமொழிச் சுலோகம் கிரந்த எழுத்தில் இருந்தால், அதைத் தமிழெழுத்தில் மாற்றி மட்டும் அச்சிட விடாதீர்கள். ஆண்டைச் சொல்லுக்குள் ஒளித்துவைப்பது பழைய வழக்கம். திருவரங்கத்தில் பெருமாளைத் திரும்ப எழுந்தருளச் செய்த விசயநகரத் தளபதி கோபணரின் கல்வெட்டில் ‘பந்துப்ரியே’ என்று ஒரு சொல் வருகிறது. எழுத்துக்கு எண் கொடுத்து வலமிருந்து படித்தால் சகம் 1293, அதாவது 1371. இது கிரந்தத்தில்தான் தெரியும். அதன் முதலெழுத்துக்கு 3, வேறொரு பகரத்துக்கு 1. தமிழில் இரண்டும் ஒரே ‘ப’தான். உங்கள் பதிப்பாளர் ‘சுத்தத் தமிழாக்கி’ அச்சிட்டால் ஆண்டே காணாமல் போகும்.

இன்னொரு படி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். கம்பெனிக் காலத்து நில அளவை அதிகாரி மெக்கன்சி துரை 1821-இல் இறக்குமுன் ஊர் ஊராகத் திரட்டிய கைபீதுகளில் (ஊர் வரலாற்றுக் குறிப்புகளில்) தமிழ்ப் பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. தஞ்சை சரசுவதி மகாலும் உங்களுக்குப் பக்கம்தான். அட்டவணையில் மடத்தின் பெயரில் தேடாமல் ஊர்ப் பெயரில் தேடுங்கள். இரண்டிலும் இல்லை என்று சொன்னாலும் உடனே திரும்பிவிடாதீர்கள். ஒரு நூலகத்தில் எனக்கு ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்த சுவடியை, மறுவருடம் வேறொரு பணியாளர் அதே அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். மின்படியாக்கம் என்று கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். ஆனால் எந்தக் குறுந்தட்டில் எந்த ஏடு இருக்கிறது என்று எழுதிவைக்கச் சம்பளத்துக்கு ஆள் போடமாட்டார்கள்.

உடனே செய்ய வேண்டியது படம். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, ஒவ்வோர் ஏட்டுக்கும் இரு பக்கமும், எழுதாத ஏடு உட்பட எடுங்கள். கைபேசி போதும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். தூசியை மென்மையான தூரிகையால் தட்டிய பிறகு, தேவையானால் எலுமிச்சைப்புல் எண்ணெய் கொஞ்சம். நோட்டை லேமினேஷன் செய்யச் சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கட்டும்போது பழைய கயிற்றையே பயன்படுத்துங்கள். அதில் சின்ன ஓலை நறுக்கு ஒன்று தொங்கினால் அதையும் படம் எடுத்து அனுப்புங்கள். சில கட்டுகளில் சுவடியின் பெயரும் உரியவர் பெயரும் அந்த நறுக்கில் மட்டும்தான் இருக்கும்.