வயலிலேயே ஒரு பள்ளிக்கூடம்

கேள்வி: ரேடியோ, டிவி போய் இப்போது வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் ஊரில் பயிருக்கு ஏதாவது வந்தால் மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைத்தான் அடிக்கிறார்கள். நம்மைப் போன்ற மற்ற நாடுகளில் புது விவசாய அறிவு உழவர்களிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது?
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: 1960களில் ஆடுதுறை 27 நெல் வந்தபோது வானொலியில் அதைப் பற்றி விடாமல் சொன்னார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. விதை என்றால் அப்படிப் பரவிவிடும். நன்றாக விளைந்தால் பக்கத்து வயல்காரரே வந்து கேட்டு வாங்கிப் போவார். ஆனால் ‘இப்போது மருந்து அடிக்க வேண்டாம், பொறு’ என்கிற அறிவு அப்படிப் பரவாது. கண்ணெதிரே பூச்சி இருக்கும்போது, எங்கிருந்தோ ஒரு குரல் சொல்வதை நம்பி யார் சும்மா இருப்பார்கள்? போட்ட முதல் போய்விடுமே என்ற பயம் நியாயமானதுதான்.

இந்தப் பயத்தை நேராக எதிர்கொண்ட நாடு இந்தோனேசியா. அங்கே பூச்சிமருந்துக்கு 80 சதவீதம் வரை மானியம் கொடுத்தார்கள், அடித்துத் தள்ளினார்கள், அப்படியும் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வந்து வயல் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. காரணம் என்ன என்றால், புகையானைத் தின்னும் சிலந்திகளெல்லாம் மருந்தில் செத்துப்போக, தண்டுக்குள் இருந்த முட்டைகள் மட்டும் பத்திரமாகப் பொரித்தன. 1986ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார்கள். 1989ல் உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள்.

பள்ளி என்றால் கட்டடம் கிடையாது. இருபத்தைந்து பேர் போல, வாரம் ஒரு காலை, ஒரு போகம் முழுக்க. வயலில் இறங்கித் தூரைப் பிரித்துப் பார்த்து, எந்தப் பூச்சி எத்தனை என்று எண்ணி, கரையில் உட்கார்ந்து பெரிய தாளில் பயிரை வரைந்து, தீமை செய்யும் பூச்சி ஒரு பக்கம், நன்மை செய்வது மறுபக்கம் என்று போட்டுவிட்டு, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி முடிவெடுப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் சிலந்தியையும் புகையானையும் சேர்த்து விட்டு எது எதைத் தின்கிறது என்று பார்ப்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று: இளம்பயிரில் கொஞ்ச இடத்தில் இலைகளை வேண்டுமென்றே வெட்டிவிட்டு, அறுவடையில் பக்கத்துப் பயிரோடு ஒப்பிடுவது. ஆரம்பத்தில் கொஞ்சம் இலை போனாலும் பயிர் தேறிவிடும் என்பதைச் சொந்தக் கண்ணால் பார்த்தவரிடம் கடைக்காரர் பேச்சு சட்டென்று எடுபடாது.

இந்த முறை பிறகு 90க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. குறையும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். செலவு அதிகம். தவிர, பள்ளிக்குப் போனவர் கற்றது பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெரிதாகப் போய்ச் சேரவில்லை என்று உலக வங்கி ஆய்வாளர்கள் 2004ல் இந்தோனேசியத் தரவுகளை வைத்தே எழுதினார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பார்த்துப் பழகவேண்டியதை வாயால் சொல்லி எப்படிக் கடத்துவது?

கேள்வி: அப்படியானால் வீடியோ எல்லாம் வீணா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வீணில்லை. பெங்களூரில் தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ அமைப்பு அந்தந்தப் பகுதி உழவர்களையே நடிக்கவைத்துப் படம் எடுத்து, கிராமத்தில் குழுவாக உட்காரவைத்துப் போட்டுக் காட்டுகிறது. கூடவே ஒருவர் இருந்து நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்பார். அந்த ஆள் இருப்பதுதான் முக்கியம் என்பேன். தனியாகப் போனில் பார்ப்பது வேறு, அங்கே சந்தேகம் வந்தால் கேட்க யாருமில்லை.

நம் ஊரிலும் ‘ஆத்மா’ என்ற அரசின் வேளாண் விரிவாக்கத் திட்டத்தில் பண்ணைப் பள்ளி நடத்துகிறார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் போய்க் கேளுங்கள், அதுவும் நாற்று விடுவதற்கு முன்பே. பயிர் பாதி வளர்ந்தபிறகு போனால் அடுத்த போகம்தான்.