அதிகாலை நான்கு மணி – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது முப்பத்துநான்கு. கதை எழுதும் ஆசையில் ஆறு மாதங்களாக அதிகாலை நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுகிறேன். படுப்பதற்குப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. ஒரு பத்தி முடிவதற்குள் தலை மேசைமேல் சாய்ந்துவிடுகிறது. இரவு ஒன்பது மணிக்குமேல் மனம் தெளிவாக இருக்கிறது என்றாலும், எழுதுவதற்கு உகந்தது பிரம்ம முகூர்த்தமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னுடையது சோம்பலா?

அன்புடன்,
கே., ஈரோடு

அன்புள்ள கே. அவர்களுக்கு,

சோம்பல் அல்ல, தூக்கக் கடன். நீங்கள் தூங்குவது நாலரை மணி நேரம். வைகறைத் துயிலெழலைப் போற்றிய நம் முன்னோர், விளக்கில் எண்ணெய் தீருமுன் படுத்தவர்கள். எட்டு மணிக்குக் கண்ணயர்ந்தவருக்கு நான்கு மணி என்பது முழு இரவும் உறங்கி முடித்த நேரம். அவர்கள் எழுந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, படுத்த நேரத்தை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. உடல் வெப்பமும் விழிப்பும் எப்போது ஏறி எப்போது இறங்க வேண்டும் என்பதை அதுவே நடத்துகிறது. இந்த உடல் கடிகாரத்தை ஆராயும் துறையை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் வளர்த்தார். சமணர் மலைக் குகையில் வாழும் வௌவால்களை ஆராய்ந்ததோடு, வெயிலும் கடிகாரமும் எட்டாத தனியறை ஒன்றில் மனிதர்களையும் தங்கவைத்துப் பார்த்தார். இத்தகைய சோதனைகளில் உறக்கமும் விழிப்பும் குலைந்துபோவதில்லை. ஆனால் பெரும்பாலோரின் நாள் 24 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டி நீள்கிறது. அந்த நீட்சியை நாள்தோறும் சரிசெய்து வைப்பது முக்கியமாகக் காலை வெளிச்சம்தான். எந்த நேரத்தில் ஏற்றம், எந்த நேரத்தில் இறக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பரம்பரைக்கும் வயதுக்கும் அதில் பங்குண்டு. உங்களைப் போல நள்ளிரவை ஒட்டி உறங்குகிறவருக்கு அதிகாலை நான்கு, ஐந்து மணி என்பது உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும் வேளை. அந்த நேரத்தில் உட்கார்ந்து கதாபாத்திரத்திற்கு உயிர் கொடுக்க முயன்றிருக்கிறீர்கள்.

நம் அகப்பொருள் இலக்கணம் நாளை ஆறு சிறுபொழுதுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம், தந்தது. அவற்றுள் எற்பாடு, பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்குவது. கடற்கரை நிலமான நெய்தலுக்கும், பிரிவில் ஏங்கி வருந்தும் அதன் இரங்கலுக்கும் உரியது. மூன்று மணிக்கு அலுவலக நாற்காலியில் கண் செருகுகிறவர்களைப் பார்க்கும்போது, பொருத்தமாகத்தான் வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்தச் சோர்வுக்குச் சாப்பாட்டின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. உண்ணாதவர்களுக்கும் அது வருகிறது.

நானும் சில ஆண்டுகள் நாளிதழ் ஒன்றில் இரவுப் பணி பார்த்தவன். முடிந்து வந்து விடியும்வரை எழுதிய நாவலின் ஓர் அத்தியாயம்கூடத் தேறவில்லை. பின்னர், முற்பகல் பத்து மணிக்குமேல்தான் எனக்குச் சொற்கள் கூடி வருகின்றன என்று கண்டுகொண்டேன். வேலைக்குப் போகும் ஒருவரால் அந்த நேரத்தை வாங்க முடியாது என்பது உண்மை. உங்கள் நல்ல நேரமோ அலுவலகத்திற்கு வெளியே வாய்த்திருக்கிறது. அதை வீண் என்று ஒதுக்கியிருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

வீட்டாரிடம் பேசி, ஒன்பதிலிருந்து பத்தரை வரை வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக எழுதுவதை மட்டும் அப்போது செய்யுங்கள். படி எடுப்பது, பிழை திருத்துவது போன்றவற்றை மந்தமான வேளைக்குத் தள்ளுங்கள். மேசை விளக்கு மட்டும் போதும், ஏனெனில் இரவில் கண்ணில் படும் கடும் வெளிச்சம் உங்கள் உடல் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளும். மாலைக் காப்பியையும் விடுங்கள். அதிலுள்ள கஃபீனில் பாதியளவு, பலருக்கும் ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் தங்கியிருக்கும். பத்தரைக்கு நிறுத்திப் பதினொன்றுக்குப் படுத்தால், அலாரத்தை ஆறரைக்கு வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் அதே ஆறரைதான். எழுந்ததும் சற்று நேரம் மொட்டைமாடியில் நில்லுங்கள்.

ஆறு மாதம் எழுதிய அந்தப் பத்திகளைக் கிழித்துவிட வேண்டாம். ஒருநாள் இரவு ஒன்பதரைக்கு எடுத்து வாசியுங்கள். எந்த வரியில் தூங்கினீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.